வில்லும் பரணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேட்டை. இதைக் கேட்டதும் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கின்றோம். இரேணிகுண்டாச் சந்திப்பில் இரயில்களின் வரவும் போக்கும் பார்த்து வாழும் நமக்கு வேட்டையோடு என்ன உறவு என்று அவர்கள் எண்ணுவர் போலும். உறவு உண்டு. நம் வீட்டு மாடியில் நின்று நோக்கினால் சேஷாசல மலைத்தொடர் நீலச் சுவர்போல் தோன்றுகிறது. அம்மலையில் புள்ளிமானும் கடமானும் வாழ்கின்றன. சிறுத்தையும் செந்நாயும் வாழ்கின்றன. அவை நம் அண்டை வீட்டார்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், பையொன்றைத் தூக்கிய ஒருவன் எம் வாயிலில் வந்து நின்றான். தாழ்ந்த குரலில், "மான் கறி இருக்கிறது, விலை குறைவு" என்றான். யாம் வாங்கவில்லை. ஆயினும் அவனைக் கடிந்துரைக்கவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டோம், அவ்வளவே. இதைக் கண்டிருந்த அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவன் எம்மை வினவினான்: "ஐயா, நம் முன்னோர் வில்லெடுத்து மானை வேட்டையாடினவர்கள்தாமே? அமெரிக்காவில் இன்றும் வில்லால் மான் வேட்டையாடுகிறார்கள். நாம் உண்டால் மட்டும் என்ன குற்றம்?" இவ்வாறு கூறியதோடு, தன் கைப்பேசியில் ஒரு படமும் காட்டினான். மரத்தில் தானே ஏறும் பரண் ஒன்றில் அமர்ந்து, ஒருவன் அம்பு தொடுத்துக் காத்திருந்தான். அன்று எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. இன்றைய உரை அப்பிள்ளைக்கு யாம் தரும் காலந்தாழ்ந்த விடை எனக் கொள்ளுங்கள்.

முதலில் அப்பரணைப் பற்றிக் கூறுவோம். அது இரண்டு பகுதிகளால் ஆனது. மேற்பகுதி இருக்கை, கீழ்ப்பகுதி கால் வைக்கும் தட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பட்டை அடிமரத்தைச் சுற்றிவந்து இறுகப் பற்றிக்கொள்ளும். வேட்டைக்காரன் மேற்பகுதியில் உடலைத் தாங்கிக்கொண்டு, கால்களால் கீழ்த்தட்டை மேலே இழுப்பான். பின் அத்தட்டின்மேல் நின்று இருக்கையை உயர்த்துவான். இவ்வாறு கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் 15 அடி, 20 அடி என ஏறிவிடுவான். நம் பனையேறிகள் தளைநாரைக் காலில் பூட்டி ஏறுவதைப் பார்த்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். கிளையற்ற நேரான மரமே இதற்கு ஏற்றது. வேட்டை முடிந்ததும் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு வீடு திரும்பலாம்.

மரத்தின்மேல் ஏன் ஏற வேண்டும்? மான் பெரும்பாலும் தன் கண்ணுயரத்திலேயே பகையைத் தேடும். மேலும், மனித வாடை தரையோடு பரவாமல் உயரத்தில் காற்றோடு போய்விடும் வாய்ப்பும் மிகுதி. வில்லாளன் ஏறத்தாழ 20 கஜத்திற்குள் மான் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அம்பு துப்பாக்கிக் குண்டுபோல் அதிர்ச்சியால் வீழ்த்துவதன்று. குருதிப் பெருக்கால் கொல்வது. குறி சிறிது தவறினும் அவ்வுயிர் புண்ணோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் நெடுநேரம் துன்புறும். மிக உயரத்தில் அமர்ந்தால் அம்பு செங்குத்தாய் இறங்கும்; குறியிடம் குறுகிவிடும். ஆதலால் அங்குள்ள நல்ல வில்லாளர் புதியவர்க்குக் கூறும் அறிவுரை இரண்டு. ஒன்று, மரத்தோடு உன்னைப் பிணைக்கும் பாதுகாப்பு வாரைத் தரையில் நிற்கும்போதே பூட்டு. பரணிலிருந்து வீழ்வதே இவ்வேட்டையில் பெருங்கேடு. மற்றொன்று, உறுதியில்லாத அம்பை விடாதே. எய்யக் கற்பதினும் எய்யாதிருக்கக் கற்பதே அரிது என்பது இதன் கருத்து.

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். பரண் நமக்குப் புதியதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவி தினைப்புனத்தில் உயர்ந்த பரண்மேல் அமர்ந்திருக்கிறாள். அதற்கு இதணம் என்று பெயர். அவள் கையில் வில் இல்லை. தழல், தட்டை, குளிர் என்னும் ஒலியெழுப்பும் கருவிகளே உள்ளன. அவற்றால் கிளியை ஓட்டுகிறாள். கொல்லுதல் அவள் நோக்கமன்று. விளைந்ததைக் காத்தலே நோக்கம். நம் தெலுங்கு நண்பர்கள் வயற்காட்டுப் பரணை 'மஞ்செ' என்பர். வடவர் 'மசான்' என்பர். நாம் கட்டிலை 'மஞ்சம்' என்கிறோம். மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்த சொற்களே.

கட்டிலுக்கும் பரணுக்கும் உள்ள உறவு சொல்லளவில் நின்றுவிடவில்லை. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) என்னும் வேட்டையாளர், கயிற்றுக் கட்டிலை மரத்தில் கட்டிப் பரணாக்கி அமர்ந்ததைத் தம் நூல்களில் கூறியுள்ளார். 1954-இல் வெளிவந்த அவரது முதல் நூலில் சித்தூர் மாவட்டத்துச் சாமலைப் பள்ளத்தாக்கின் புலியைப் பற்றிய கதை உண்டு. 1957-இல் வெளிவந்த நூலில் மாமண்டூர் ஆட்கொல்லியைப் பற்றிய கதை உண்டு. மாமண்டூர் எது? இங்கிருந்து கடப்பை செல்லும் பாதையில் நாம் நாள்தோறும் கேட்கும் அந்நிலையத்தின் பெயரே! அவர் கதைகளில் புலி உலவிய இம்மலைகளில் பின்னாளில் புலி அருகிப்போயிற்று. பரண்மேல் இருந்தவர் கதைகள் நூலில் உள. பரணின் கீழ் வந்த புலியைக் காண்பது அரிதாயிற்று. இதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மட்டும் எவ்வாறு மான் பெருகியிருக்கிறது என்று கேட்கலாம். அங்கும் கட்டற்ற வேட்டையால் வெண்வால் மான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகவும் குறைந்துவிட்டது. பின்னரே பருவம், எண்ணிக்கை, உரிமச்சீட்டு என்று கட்டுப்பாடுகள் வலுப்பெற்றன. 1937-இல் இயற்றிய சட்டத்தால், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரி காட்டுயிர்ப் பாதுகாப்பிற்குச் சென்றது. 1970-களில் வில்லும் அம்பும் அவ்வரிக்குள் வந்தன. ஓநாய் முதலிய கொன்றுண்ணிகளை அவர்கள் பல இடங்களில் அழித்துவிட்டனர். அதனால் மானின் தொகையை மனிதனே மட்டுப்படுத்த வேண்டிய நிலை அங்குள்ளது. இங்கோ அத்தொழிலைச் சிறுத்தையும் செந்நாயும் செய்கின்றன. அவற்றின் உணவை நாம் களவாடினால் அவை எங்கே செல்லும்? 2023 ஆகஸ்டு மாதம் அலிபிரி நடைபாதையில், பெற்றோருடன் மலையேறிய ஒரு சிறுமியைச் சிறுத்தை கொண்டுசென்றதை நாம் மறந்துவிடவில்லை. அத்துயரத்திற்கு இதுவே காரணம் என்று யாம் கூறோம். ஆயினும், காட்டில் இரை குறைந்தால் காட்டு விலங்கு ஊரை நோக்கும் என்பது யாவரும் அறிந்த உண்மை.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகவே உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதில் செய்த திருத்தமும் மான் வேட்டையைத் தடுத்தன. அதன் இறைச்சியை விற்பதும் வாங்குவதும் குற்றமே. நம் கண்ணெதிரே தோன்றும் மலையில் 1989-இல் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா அமைந்தது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

சட்டம் இருக்கட்டும். "நம் முன்னோர் வேட்டையாடினர் அல்லரோ?" என்பதன்றோ அப்பிள்ளையின் கேள்வி? ஆம், ஆடினர். கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியின் ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஊடுருவியதைப் புறநானூறு போற்றுகிறது. ஆனால் நம் நிலத்திற்கு இன்னும் அணித்தான வில்லாளன் ஒருவன் உண்டு. இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காளத்தியில் கண்ணப்பராய் விளங்கும் திண்ணனே அவன். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் குலத்தில் பிறந்தவன். அவன் கண்ணை இடந்து அப்பியதை நாம் அனைவரும் அறிவோம். அவனும் அவன் தோழரும் ஆடிய முதல் வேட்டையைச் சேக்கிழார் பாடியிருப்பதைப் பலர் கருதுவதில்லை. அங்கே, பெருவேட்டையின் நடுவே, அவர் ஒரு செய்தியை நிறுத்திக் கூறுகிறார். அவ்வேடர் யானைக் கன்றைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்று நடை தளர்ந்த பிணைமானை வருத்தவில்லை. கொலைத்தொழிலையே வாழ்வாகக் கொண்டவர்க்கும் வில்லுக்கு ஓர் எல்லை இருந்தது!

இப்போது நம் வாயிலுக்கு வரும் அந்தப் பையை எண்ணிப் பாருங்கள். அது கண்ணியில் சிக்கிய மானோ, மின்கம்பியில் மாண்ட மானோ, யார் அறிவார்? கண்ணி ஆண், பெண் அறியாது, கரு அறியாது, கன்று அறியாது. பரண்மேல் நெடும்பொழுது காத்து, கண்டு, தேர்ந்து, 'இதை விடுவோம்' என்று வில்லைத் தாழ்த்தும் மனம் கம்பிக்கு ஏது? ஆகவே, அப்பையில் இருப்பதை நம் முன்னோரின் வேட்டையென்று கூறுவது அம்முன்னோர்க்கே இழுக்காகும்.

நாம் இவ்வூருக்குப் பிழைக்க வந்தவர்கள். இம்மண்ணின் நீரையும் காற்றையும் நுகர்கின்றோம். அந்நீரும் காற்றும் அம்மலையின் கொடை. வந்த வீட்டில் களவுப் பொருள் வாங்குதல் தமிழர்க்கு அழகன்று. ஆதலின், இவ்விழா மேடையில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். இனி அப்பை எந்த வீட்டு வாயிலுக்கு வந்தாலும், கதவைச் சாத்திக்கொள்வதோடு நில்லாமல், வனத்துறைக்குச் செய்தி கூறுவோம். இதில் யாம் சென்ற ஆண்டு தவறியதை இச்சபையில் ஒப்புக்கொள்கின்றோம். மற்றொன்று, வனத்துறையின் இசைவு பெற்று, நம் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை மலையடிவாரத்திற்கு அழைத்துச் செல்வோம். அவர்கள் மறைவில் அமைதியாய் அமர்ந்து, காற்றின் திசையறிந்து, மான் கூட்டம் நீர்த்துறைக்கு வருவதைக் காணட்டும். பரண் கற்பிக்கும் பொறுமை முழுவதையும் வில் இல்லாமலே அவர்கள் பெறுவர்.

எம்மை வினவிய அந்த மாணவன் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. முதற் பயணத்தை நீயே முன்னின்று நடத்த வேண்டும் என்று இச்சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!