முதல் நாவலில் வரும் பகைவன்



ஆனைக்கரை என்று சொன்னால், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்கும் நம்மவர்க்கு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள்தாம் கண்முன் நிற்கும். ஆனால் கேரளத்தில் அதே பெயருள்ள ஊர் மற்றொன்றும் உண்டு. அது பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பட்டாம்பி வட்டத்தில், பாரதப்புழையின் தென்பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊராட்சியைச் சேர்ந்த கூடல்லூர் என்னும் சிற்றூரில்தான் 1933ஆம் ஆண்டு எம். டி. வாசுதேவன் நாயர் பிறந்தார். இலக்கியப் பேச்சு எழுந்தால் மலையாளிகள் நினைப்பது இந்த ஆனைக்கரைப் பக்கத்தைத்தான். இரண்டு ஆனைக்கரைகளும் இன்றைய பேச்சுக்கு வேண்டியிருக்கின்றன. முதலில் ஆற்றங்கரை ஊரைப் பார்ப்போம்.

எம். டி.யின் நூல் வடிவில் வந்த முதல் நாவல் 'நாலுகெட்டு'. 1958இல் அது வெளியானபோது அவருக்கு வயது இருபத்தைந்து. கதையின் தொடக்கம் நமக்கு நன்கு பழகிய தொடக்கமே. அப்புண்ணி என்ற சிறுவனுக்குத் தந்தை இல்லை. தந்தைக்கு நஞ்சு வைத்துக் கொன்றவன் செய்தாலிக்குட்டி என்று ஊர் பேசுகிறது. பெரியவனானதும் அவனைப் பழிவாங்க வேண்டும் என்று பையன் மனத்துக்குள் கறுவிக்கொள்கிறான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மிச்சக் கதையைச் சொல்லுங்கள் என்றால், நம்மில் பாதிப்பேர் சொல்லிவிடுவோம். பையன் வளர்வான், பகைவன் வீழ்வான், திரை விழும்.

நாவலில் நடப்பதோ வேறு. உற்றார் உறவினர் கைவிட்ட வேளையில் அப்புண்ணிக்குப் பிழைக்க வழி காட்டி, வயநாட்டுத் தோட்டத்தில் வேலைக்கு வழிசெய்பவன் அதே செய்தாலிக்குட்டிதான். அப்புண்ணியின் சினம் மெல்ல மெல்ல அவனை விட்டு விலகி, தன்னைப் படியேற விடாத தாய்வழிப் பெருவீட்டின்மேல், அந்த நாலுகெட்டின்மேல், திரும்புகிறது. பணத்தோடு திரும்பி வந்து அந்த வீட்டையே விலைக்கு வாங்குகிறான். வாங்கிய பின்னர், காற்றும் வெளிச்சமும் புகாத அந்த வீட்டை இடிக்கவேண்டும் என்கிறான். ஒரு கொலைகாரனைத் தேடிப் புறப்பட்ட கதை, ஒரு கட்டடத்தின் முன்னே போய் நிற்கிறது!

இனி பாலக்காட்டு நகரையடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூருக்கு வருவோம். சுற்றிலும் வயல், வரப்பெல்லாம் பனை, வாளையாற்றுக் கணவாயின் ஓயாத காற்று. ஐம்பதுகளில் அங்கே ஓராசிரியர் பள்ளியில் ஓ. வி. விஜயனுடைய சகோதரி ஆசிரியையாக அமர்ந்தார். தனியிடத்தில் பெண்பிள்ளையை விட மனமில்லாத பெற்றோரும் அவருடன் குடியேறினர். கல்லூரி ஆசிரியர் பணியை இழந்திருந்த விஜயனும் அங்கே வந்து சேர்ந்தார்.

அப்போது விஜயன் பொதுவுடைமைக் கொள்கையில் ஊறியவர். பாலக்காட்டு உழவர்கள் கிளர்ந்தெழுவதாகக் கற்பனை செய்து கதைகளும் எழுதியிருந்தார். ஆகவே தஸ்ராக்கை வைத்து எழுத எண்ணிய முதல் நாவலும் ஒரு புரட்சி நாவலாகவே அவர் மனத்தில் இருந்தது. அந்நிலையில் 1956இல் அங்கேரி நாட்டு எழுச்சி சோவியத் படையால் நசுக்கப்பட்டது. 1958இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். அச்செய்தி விஜயனை உலுக்கியது. கொள்கை ஆட்டங்கண்டதும் நாவலின் நாயகனுக்கு வேலையில்லாமற் போயிற்று. எங்கோ புடாபெஸ்டில் நடந்த கொடுமை பாலக்காட்டு வயற்புறத்துக் கதை ஒன்றை மாற்றியதென்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? புரட்சி நாவல் எழுதாமல் மயிரிழையில் தப்பியதாகப் பின்னாளில் அவரே மகிழ்ந்திருக்கிறார்.

அதன்பின் அந்த நாவல் வளர்ந்தது பெரும்பாலும் இத்தில்லி மாநகரில். 1958இல் 'சங்கர்ஸ் வீக்லி'யில் கேலிச்சித்திரக்காரராக இங்கு வந்தவர், எழுதியும் அடித்தும் திருத்தியும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளை அதில் செலவிட்டார். 1968இல் 'மாத்ருபூமி' வார இதழில் 'கசாக்கின்றெ இதிகாசம்' தொடராக வந்தது. மறு ஆண்டு நூலாயிற்று. ரவி என்னும் ஆசிரியன் கசாக்குக்கு வருகிறான். அவன் ஊரைத் திருத்த வந்தவனல்லன். மனத்தில் ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு ஓடி வந்தவன். பள்ளி தொடங்கினால் தன் ஓத்துப்பள்ளி அழியுமே என்று அவனை எதிர்ப்பவர் அல்லாப்பிச்சை மொல்லாக்கா.

புரட்சி நாவலாக இருந்தால் இந்த மொல்லாக்காவின் கதி என்னவாகியிருக்கும்? பிற்போக்கின் உருவமாக வந்து, இறுதியில் மக்கள் முன் தலைகுனிந்து போயிருப்பார். விஜயனின் நாவலில் அவர் வறுமையில் தளர்ந்து, தாம் எதிர்த்த அதே பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வருகிறார். காலில் செருப்புக் கடித்த ஒரு புண். அது ஆறவே இல்லை. அவர் இறக்கும் இடத்தைப் படிப்பவர்க்கு, இவர் யாருக்கு எதிரி என்பதே மறந்துவிடுகிறது. இந்நாவலை நேரே மலையாளத்திலிருந்து யூமா வாசுகி தமிழாக்கியிருக்கிறார். அத்தமிழாக்கம் 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றது. 1994இல் வந்த ஆங்கில வடிவத்தை ஆசிரியரே செய்தார்; செய்யும்போது மூலத்தையே மாற்றிவிட்டார் என்று குறைப்படுவோர் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு அந்த உரிமையை நினைத்தால் சற்றுப் பொறாமைதான்!

தமிழிலும் இவ்வாறு உருமாறிய முதல் நாவல் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி' இதழில் தொடங்கி, இதழ் நின்றதால் தானும் நின்றது. ஆண்டுகள் சில கழித்து 1966இல் முழு நூலாயிற்று. முற்பகுதியைக் கட்டியாளும் தாமோதர ஆசான் பிற்பகுதியில் இல்லை. கதைசொல்லியே விடைபெற்றுக்கொண்ட நாவல் அது.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு ஆராய்ந்தோம் என்றால், நாமும் ஒரு முதல் நாவலைத் தொடங்கிவிட்டுத் தவித்தவர்களே. இங்கேதான் மற்றோர் ஆனைக்கரை வருகிறது. எம் தந்தையார் கம்பமெட்டு ஏறி, அந்த ஆனைக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் கூலிவேலை செய்தவர். முழு நாள் உழைத்தவர்க்குக் கங்காணி அரைப் பேர் போட்டுக் கூலியைத் தின்றான் என்பது எம் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட கதை. படித்த மகன் திரும்பிப் போய் அந்தக் கங்காணியை ஊர் நடுவில் நிறுத்திக் கணக்குக் கேட்பதாக எம் நாவலை வகுத்துக்கொண்டோம். நாற்பது பக்கம் தடையின்றி ஓடிற்று. நாற்பத்தோராம் பக்கத்தில் கங்காணி வாய் திறக்க வேண்டும். திறந்தால், நாம் எழுதிக் கொடுத்ததையே ஒப்பிக்கிறான். அலுவலகத்தில் மூலத்திலிருந்து ஒரு சொல்லும் பிறழாமல் மொழிபெயர்த்துப் பழகிய கை, நாவலிலும் வகுத்த திட்டத்தை விட்டு நகர மறுத்தது.

பல மாதம் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை. மொல்லாக்காவின் கால்புண்ணைப் படித்த இரவில்தான், மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஓர் ஐப்பசி மழையில், காய்ச்சல் கண்ட தந்தையாரைக் கம்பளியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு எம் வீட்டுத் திண்ணையில் கிடத்தியவர் ஒருவர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். அவர்தான் அந்தக் கங்காணி. நாற்பது பக்கத்தில் இந்தத் தோளுக்கு இடம் வைக்கவில்லையே!

கம்பத்திலுள்ள தாய்மாமனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டோம். அவரும் அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர். பதில் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. "மாப்பிள்ளை, அரைப் பேர் போட்டது மெய்தான். அந்த வருசம் அந்த ஆளுக்கே நாலு மாசம் சம்பளம் வரவில்லை. அது உங்கள் அப்பாவுக்கும் தெரியும்" என்று எழுதியிருந்தார்.

நாற்பது பக்கங்களையும் எடுத்து வைத்துவிட்டு, திண்ணையிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறோம். கங்காணிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.