சிறுவர் பாய்மரப் படகும் அதன் தமிழ்ச் சொற்களும்



தேக்காவில் கூடியிருக்கும் நமக்குக் கடல் தொலைவில் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலுள்ள தேசியப் பாய்மரப் படகோட்ட நிலையத்தின் பக்கம் சென்றால், சிறுவர்கள் சின்னஞ்சிறு படகுகளைத் தனியே செலுத்துவதைக் காணலாம். ‘ஆப்டிமிஸ்ட்’ என்பது அப்படகு வகையின் பெயர். வாரயிறுதியில் அதைத் திறம்படச் செலுத்தும் மாணவர், தமிழ் வகுப்பில் அதைப் பற்றிப் பேசச் சொன்னால், “படகு ஓட்டினேன்” என்று கூறி நின்றுவிடுகிறார். தமிழில் அதற்குச் சொல் இல்லை என்று எண்ணுகிறார். அது உண்மைதானா என்பதைப் படகின் அமைப்பைக் கொண்டே ஆராய்வோம்.

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் இதனை வடிவமைத்தார். குறைந்த செலவில், பிளைவுட் பலகையால், எளிதில் செய்யத்தக்க சிறுவர் படகு வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே கூர்முனையை விடுத்து, மழுங்கிய முன்பகுதியை அமைத்தார். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், உடற்பகுதியின் எடை 35 கிலோகிராம். தட்டையான அடிப்பகுதி, சிறுவர் சற்று அசைந்தாலும் படகைச் சாயவிடாது. பாய்மரம் குட்டையானது, சாய்வான கழி ஒன்று பாயின் மேல்மூலையை உயர்த்திப் பிடிக்கிறது. இன்று கண்ணாடியிழையை அச்சினுள் அடுக்கி, பிசினூட்டி, இறுகச் செய்கின்றனர். அச்சில் உருவாவதால் படகுகள் ஒத்திருக்கும். போட்டியில் செலுத்துபவரின் திறனே வெல்லும்.

இனிச் சொற்களைப் பார்ப்போம். படகின் முன்பகுதியைத் தமிழகக் கடற்கரை மக்கள் அணியம் என்பர். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். திசை திருப்புவது சுக்கான். இஃது அரபுமொழி தந்த சொல். கடல்வழியே நாம் பெற்றதும் உண்டு, கொடுத்ததும் உண்டு. நம் கப்பல் மலாய்மொழியிலும், கட்டுமரம் ஆங்கிலத்திலும் குடியேறின. கண்ணாடியிழைப் படகை அம்மக்கள் ஃபைபர் படகு என்கின்றனர். அதனையும் நாம் ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னும் ஓர் உறுப்பு உண்டு. படகின் நடுவே செங்குத்தாக நீருக்குள் இறக்கப்படும் பலகை அது. காற்று பாயைத் தள்ளும்போது, படகு பக்கவாட்டில் ஒதுங்காமல் தடுத்து, முன்னோக்கிச் செல்ல வைப்பது இப்பலகையே. இதன் துணையால்தான் காற்று வரும் திசை நோக்கியும் மாறி மாறிச் சாய்வாகச் செல்ல இயலுகிறது. இதற்குக் கலைச்சொல் படைக்க நாம் குழு அமைக்க விரைகிறோம். பாய் விரித்த கட்டுமரத்திலும் இதே பணிக்குப் பலகை இறக்கினார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அதைக் கையாண்ட முதியவர்களிடம் கேட்பதே முதற்பணி. இயந்திரம் வந்தபின் அங்கே பாய்கள் சுருண்டுவிட்டன. அச்சொற்களை வழங்குவோரும் குறைந்து வருகின்றனர். அங்குள்ள முதியவரிடம் சொல் இருக்கிறது, பாய் இல்லை. இங்குள்ள சிறுவரிடம் பாய் இருக்கிறது, சொல் இல்லை.

ஆசிரியர்களிடம் நம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த வகுப்பில் இப்படகைக் கரும்பலகையில் வரைந்து, அணியம், பாய்மரம், பாய், தாமான், சுக்கான் என்று குறியுங்கள். பிறகு, படகு செலுத்தத் தெரிந்த மாணவரை எழுந்து பேசச் சொல்லுங்கள். நாம் அமர்ந்து கேட்போம்.