கடிகார மணியும் இராகு காலமும்
(விம்கோ நகர் கூட்டத்தில் பேசியது)



உலகத்தில் மணி எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இது வானசாஸ்திரிகள் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இந்த ஊர் தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடிப் பிழைத்தவர்களுக்கு மணியைப் பற்றிக் கேட்க உரிமையில்லையா?

பூமி 360 பாகை சுற்ற 24 மணி நேரம். பாகைக்கு 4 நிமிஷம். கிழக்கே இருப்பவனுக்குச் சூரியன் முன்னே, மேற்கே இருப்பவனுக்குப் பின்னே. இயற்கை செய்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் மனிதன் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு. 1884ல் வாஷிங்டனில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, லண்டனை அடுத்த கிரீன்விச் வழியே போகும் கோட்டைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகாசத்தில் கோடு போட்டிருந்ததா? ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள்!

நம் சென்னைக்கும் சொந்த மணி இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792ல் கட்டிய வானாராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னே. ஊருக்கு ஒரு மணி இருந்தால் ரயில் ஓடுமா? ரயில்வேக்காரர்கள் சென்னை மணியையே பிடித்துக்கொண்டார்கள். பிறகு 1906 ஜனவரி 1ந் தேதி, மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோட்டை வைத்து இந்தியாவுக்கு 5½ மணி என்று சர்க்கார் ஏற்பாடு செய்தது. சென்னை மணி சுமார் 9 நிமிஷம் முன்னே போயிற்று. (கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் மணியை விடவில்லை. அந்தப் பிடிவாதம் தனிக் கதை.) யுத்தத்திற்காக 1942 செப்டம்பரில் ஒரு மணி நேரமே முன்னே தள்ளி, 1945 அக்டோபரில் திருப்பிவிட்டார்கள். இலங்கையிலும் 1996ல் முள்ளைத் தள்ளி, 2006ல் பழைய இடத்துக்கே வந்தார்கள்.

இப்போது கேட்கிறேன். திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று காலண்டரில் அச்சடித்திருக்கிறதே, சர்க்கார் முள்ளைத் தள்ளினபோது இராகுவும் கூடவே தள்ளிப் போனாரா? போனார் என்றால் அவருக்குச் சர்க்கார்தான் எஜமான். போகவில்லை என்றால் காலண்டர் மணி பொய்.

"கணக்கு சூரிய உதயத்திலிருந்து" என்பார் ஜோசியர். சரி, சென்னையில் ஜனவரியில் ஆறரைக்கு மேலே உதயம், ஜூனில் ஆறுக்கு முன்பே உதயம். அப்படியிருக்க வருஷம் பூராவும் ஏழரை எப்படி?

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வேலையில் சேர உத்தரவு வந்த பெண்ணை, "ஒன்பது அடிக்கட்டும்" என்று வீட்டில் நிறுத்துகிறார்கள். நாம் சொல்லும் ஒன்பது, பழைய சென்னை மணிக்கு எட்டு ஐம்பத்தொன்று. அந்த 9 நிமிஷம் நல்லதா, கெட்டதா? வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. எட்டு அடித்ததும் அவன் கேட்டைச் சாத்திவிடுவான்.