நாற்காலியிலிருந்து கரும்பலகைக்கு



சென்ற மாதம் ஒரு தாயார் நம்மைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். அவருடைய மகள் ஆறாம் ஆண்டு வரை நம்மிடம் படித்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"சார், பிள்ளை படிக்கிற இடத்துல டெக்கான் பதவிய விட்டுட்டாராம். மறுபடியும் கிளாஸ்ல பாடம் சொல்லிக் குடுக்கப் போறாராம். அவ்வளவு பெரிய மனுசன் எதுக்கு சார் கீழ எறங்கணும்? ஏதும் காசு கணக்குல தகராறா? பிள்ளை படிப்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தோட்டத்தில் பிறக்காதவர்கள். நம் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். நாம் நான்காம் ஆண்டு படிக்கும்போது அவரை மண்டோராகப் போட்டார்கள். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார். பிறகு நிரை நிரையாக நடந்து, யார் வெட்டில் மரத்துக்குக் காயம் பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. அதன் பிறகு அவராகவே கேட்டுக்கொண்டு மறுபடியும் கத்தியை எடுத்து மரம் வெட்டப் போய்விட்டார். லயத்தில் என்னென்னவோ பேசினார்கள். அம்மா ஒரு மாதம் கடைப்பக்கம் போகவில்லை. சாமான் வாங்க நம்மைத்தான் அனுப்பினார். ஏன் விட்டார் என்பதை அப்பா எவரிடமும் சொன்னதில்லை. சம்பளம் குறைந்தது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே, மேலே போனவர் கீழே வந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று நம் மக்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறு. அதைத்தான் இன்று உங்களுடன் பேச நினைக்கிறோம்.

மருத்துவம், சட்டம், பொறியியல், கலை என்று பல்கலைக்கழகத்தில் பல புலங்கள் உண்டு. ஒரு புலத்துக்குத் தலைவராக இருப்பவரை ஆங்கிலத்தில் டீன் என்றும் மலாயில் டெக்கான் என்றும் சொல்கிறார்கள். யாரை வேலைக்கு எடுப்பது, பணத்தை எதற்குச் செலவிடுவது, எந்தப் பாடத்தை யார் நடத்துவது, யார் யார்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் மேசைக்கு வரும். தலைமையாசிரியர் வேலைதான், பல மடங்கு பெரியது. அநேகமாக அவர் ஏற்கெனவே ஒரு பேராசிரியராகத்தான் இருப்பார். பேராசிரியர் பதவி அவருக்குச் சொந்த வீடு மாதிரி. டீன் பதவி அப்படியன்று. நம் மாரியம்மன் கோவில் திருவிழாக் கமிட்டித் தலைவர் பொறுப்பைப் போல அது சில வருடங்களுக்கு ஏற்றுக்கொள்வது. தவணை முடிந்தால் அடுத்தவர் வருவார். முன்னவர் ஊரை விட்டா போகிறார்? வரிசையில் நின்று பூசை பார்த்துவிட்டுப் போகிறார்.

இதற்கு நல்ல உதாரணமாக ஒருவரைச் சொல்கிறோம். அமெரிக்காவில் 1636-ல் தொடங்கிய ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பெயர் ஹென்றி ரொசோவ்ஸ்கி. பிறந்தது 1927-ல், பால்டிக் கடலோரத்து டான்சிக் நகரில். இன்று அது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். ஹிட்லர் காலத்தில் ஊர்விட்டு ஊர் ஓடி, 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பையன் படித்துப் பொருளாதாரப் பேராசிரியரானார். ஜப்பான் நாடு எப்படித் தொழில் வளம் பெற்றது என்பதே அவருடைய ஆராய்ச்சி.

1973-ல் அவரை ஹார்வர்டின் கலை, அறிவியல் புலத்துக்கு டீனாக நியமித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் நடு வீடு அதுதான். பதினோரு ஆண்டுகள் இருந்தார். பட்டம் வாங்கிப் போகும் ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, விஞ்ஞானம் படிப்பவர் இலக்கியமும் வரலாறும், இலக்கியம் படிப்பவர் விஞ்ஞானமும் கட்டாயம் தொட்டுப் பார்க்கும்படியான பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான பேராசிரியர்களைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா? 1978-ல்தான் அது நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டு யேல் பல்கலைக்கழகம் அவரைத் தன் தலைவராகவே அழைத்தது. டீனுக்கும் மேலான பதவி. பாடத்திட்டம் பாதியில் நிற்கும் நேரம், அவர் போகவில்லை.

1984-ல் டீன் பதவியை விட்டு மறுபடியும் ஆசிரியரானார். அவருடைய நாற்காலிக்கு வந்தவர் மைக்கேல் ஸ்பென்ஸ். அவரும் பொருளாதாரக்காரர், ரொசோவ்ஸ்கியை விடப் பதினாறு வயது இளையவர். நேற்றுவரை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் இன்று அந்த இளையவரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அதிலும் கடினம், பாடம் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது. எண்ணிப் பாருங்கள். இவர் டீனான 1973-ல்தான் எண்ணெய் விலை ஏறி, ஜப்பான் திண்டாடப் போகிறது என்று உலகம் பேசியது. 1980-ல் கார் உற்பத்தியில் அமெரிக்காவையே ஜப்பான் முந்திவிட்டது. 1982-ல் நம் நாடே கிழக்கை நோக்கும் கொள்கை என்று ஜப்பானைப் பார்க்கத் தொடங்கியது. அந்த நாட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் பதினோரு வருடத்துக் கோப்புகளை மூடிவிட்டு வந்தால், பழைய குறிப்பை வைத்துக்கொண்டு வகுப்பில் நிற்க முடியாது. மறுபடியும் படிக்க வேண்டும். பதவி விட்ட டீன்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் ஓராண்டு படிப்பு விடுப்புக் கொடுப்பது இதற்காகத்தான். (அந்த விடுப்பு நமக்கும் கிடைத்தால் என்ன என்று பள்ளி ஆசிரியர்கள் நாங்கள் பேசிக்கொள்வதுண்டு!)

கதை அங்கே முடியவில்லை. 1990-ல் ஸ்பென்ஸ் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஹார்வர்ட் மறுபடியும் ரொசோவ்ஸ்கியிடம் வந்தது. ஓராண்டு மட்டும் தற்காலிக டீனாக இருந்து கொடுத்தார். 1991-ல் புதியவர் வந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். 2022-ல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

இதை அப்படியே நம் தகப்பனார் கதையோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. ரொசோவ்ஸ்கி இறங்கி வந்த இடத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, மரியாதை இருந்தது. டீனுக்கென்று கொடுக்கும் அலவன்ஸ் நிற்கலாம், அடுப்பு அணையாது. தோட்டத்தில் மண்டோர் மறுபடியும் மரத்துக்குப் போனால் அன்றே வருமானம் குறைந்தது, லயத்து வாயும் திறந்தது. இறங்க முடியாமல் பதவியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நாம் சிறு வயதில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. கீழே கால் வைக்க இடமில்லாதவர் எப்படி இறங்குவார்? அப்பா இறங்கினார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

அந்தத் தாயாருக்கு நாம் சொன்ன பதில் இவ்வளவுதான்: "அம்மா, டீன் பொறுப்பை விட்டவர் வகுப்புக்குத் திரும்புவது வழக்கம்தான். பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். டீன் மாறினால் பட்டம் மாறாது. இனிமேல் கடிதம், கையெழுத்து எல்லாம் புது டீனிடம். பழையவரிடம் பாடம் கேட்கலாம். அது பிள்ளைக்கு லாபம்."

அவர் முழுக்க நம்பினார் என்று சொல்ல முடியாது. மகளைத் தொலைபேசியில் அழைத்து நம்மிடம் கொடுத்தார். அவள் அந்தப் பேராசிரியரின் வகுப்பில் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டாளாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் பாடம். "சார், முன்னாடியெல்லாம் அவரைப் பார்க்கணும்னா ரெண்டு வாரம் காத்திருக்கணும். இப்ப கதவு திறந்தே இருக்கு," என்றாள்.