காய் கனியாகும் காலம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

எனக்கு முன் பேசிய அறிஞர்கள் இலக்கியச் சுவையை வாரி வழங்கிச் சென்றார்கள். அவர்களுக்குப் பின் மேடையேறியிருக்கும் நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவன். பகலெல்லாம் இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு உறவாடுபவன். அறியாத பொருளைப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க நான் விரும்பவில்லை. நான் சிறிதளவேனும் அறிந்த பொருள் ஒன்று உண்டு. அது கூடைப்பந்து. இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னே உள்ள சிமெண்டுக் களத்தில் மாலைதோறும் நம் பிள்ளைகளோடு நான் ஓடியாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

இந்த விழா மேடையில் அந்த விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சென்ற மாதம் நம் காலனி நண்பர் ஒருவர் தம் துணைவியாருடன் என் இல்லத்திற்கு வந்தார். "அண்ணா, பையனை வெளியூர் அணி ஒன்று கூப்பிட்டிருக்கிறது. மாதச் சம்பளம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் தருகிறார்களாம். பன்னிரண்டாம் வகுப்பை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டுமாம். அனுப்பலாமா?" என்று கேட்டார். பையனுக்கு வயது பதினேழு. உயரம் ஆறடி நான்கு அங்குலம். என் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளை. அவன் தாயார், "அண்ணன் சரி என்றால் அனுப்புகிறோம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. அன்று விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்நண்பரின் இசைவைப் பெற்று, இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் அதைச் சொல்ல முற்படுகிறேன். வளரும் பிள்ளை உள்ள வீடு எல்லாவற்றிற்கும் இக்கேள்வி என்றேனும் ஒருநாள் வரக்கூடியது அன்றோ?

முதலில் நம் நாட்டு இளைஞர் ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள். பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்று ஒரு சிற்றூர். அவ்வூர் உழவர் பல்பீர் சிங் ஏழடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். இளமையில் அவருக்கும் கூடைப்பந்து ஆடும் வாய்ப்பு வந்தது. வீட்டார் உழவிலேயே நிறுத்திவிட்டார்கள். தமக்குக் கிட்டாதது மகனுக்குக் கிட்டட்டும் என்று எண்ணிய அத்தந்தை, சிறுவன் சத்னம் சிங்கை லூதியானாவில் உள்ள கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் சேர்த்தார். அங்கே டாக்டர் சுப்பிரமணியன் என்னும் பயிற்சியாளர் அவனுக்குப் பந்தைப் பிடிக்கவும் காலை எடுத்து வைக்கவும் கற்பித்தார். 2010-ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றிற்கு உதவித்தொகையோடு அனுப்பப்பட்டான். ஆங்கிலம் அறியாத பிள்ளை. ஊரும் உணவும் புதியவை. எனினும் ஐந்தாண்டுகள் உழைத்தான்.

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்று வழங்கும் கூடைப்பந்துப் போட்டியே உலகில் தலையாயது. ஆண்டுதோறும் அதன் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்யும். 2015 ஜூன் திங்களில் நடந்த தெரிவில், கல்லூரிக்குச் செல்லாமலே பெயர் கொடுத்த சத்னம் சிங்கை, 52-ஆவது இடத்தில் டல்லஸ் அணி எடுத்துக்கொண்டது. இந்தியாவில் பிறந்தவர்களுள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. வயது பத்தொன்பது, உயரம் ஏழடி இரண்டு அங்குலம். நாடே களிப்படைந்தது. நம் களத்துப் பிள்ளைகளுக்கு நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தது இன்றும் நினைவிருக்கிறது.

பின்னர் நேர்ந்ததைப் பலர் கவனிக்கவில்லை. டல்லஸ் முதன்மை அணிக்காக ஒரு முறையான போட்டியில்கூட அவர் களமிறங்கவில்லை. அவ்வணியைச் சார்ந்த டெக்ஸாஸ் லெஜண்ட்ஸ் என்னும் கீழ்நிலை அணியில் இரண்டு பருவங்கள் இருந்தார். அங்கும் ஆடிய நேரம் சிறிது, பெஞ்சில் அமர்ந்த நேரம் பெரிது. 2017-இல் தாயகம் திரும்பினார். பிறகு கனடாவில் ஓர் அணியில் ஆடினார். தடைசெய்யப்பட்ட மருந்துச் சோதனையில் சிக்கி, 2020 டிசம்பரில் இரண்டாண்டுத் தடைக்கு ஆளானார். 2021-இல் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தமானார். இதை இகழ்ச்சியாகச் சொல்கிறேன் என்று யாரும் கருதவேண்டா. தம் உடலுழைப்பால் பிழைக்கும் எவரும் மதிப்பிற்குரியவரே. ஆனால் கூடைப்பந்து வீரராக அவர் மேலும் வளர்ந்திருக்கக்கூடும் அல்லவா என்னும் ஏக்கம் என் போன்றோர் நெஞ்சில் இருக்கத்தான் செய்கிறது.

வளர்ச்சி ஏன் தடைப்படுகிறது? என் சிற்றறிவுக்கு எட்டிய காரணங்கள் மூன்று.

முதலாவது, பள்ளிப் பருவத்தில் உயரமே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. சுற்றியிருப்போர் எல்லாம் தோளளவு இருக்கும்போது, நெட்டையான பிள்ளை கையை நீட்டினாலே பந்து கூடைக்குள் விழுகிறது. காலசைவும், பிறருக்குப் பந்தளிக்கும் நுட்பமும், தொலைவிலிருந்து எறியும் திறனும் அவனுக்கு அப்போது தேவைப்படுவதில்லை. தேவைப்படாததை யார் கற்பார்? தொழில்முறைக் களத்திலோ எல்லாரும் நெடியவர். இருபத்தைந்து முப்பது வயதில் உடல் முறுகியவர். அங்கே சென்ற பிறகுதான் கல்லாதது வெளிப்படுகிறது.

இரண்டாவது, ஆட்டமே மாறிவிடுகிறது. சத்னம் தெரிவான அதே 2015 ஜூனில் பட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் அணி, இறுதித் தொடரின் நடுவே தன் நெட்டையான மைய வீரரைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, விரைவாக ஓடுபவரைச் சேர்த்து வென்றது. மூன்று புள்ளி எறிதல் ஓங்கிய காலம் அது. கூடையடியில் மலைபோல் நிற்பவருக்கு முன்பிருந்த மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரே திறமையை நம்பிச் சென்றவர், அத்திறமைக்குச் சந்தையில் விலை வீழ்ந்தபோது என் செய்வார்?

மூன்றாவது காரணமே முதன்மையானது. ஊதியம் கொடுக்கும் அணிக்கு வேண்டியது இன்றைய வெற்றி. களத்தில் நிற்பவர் ஐவர். ஆட்டநேரம் 48 நிமிடம். கற்றுக்கொண்டிருப்பவனுக்கு அந்நிமிடங்களை யார் தானமாகக் கொடுப்பார்? ஆடாமல் ஆட்டம் வளராது. நீந்தக் கற்பவனைக் கரையிலே உட்காரவைத்துக் கூலி கொடுத்தால், கூலி சேரும், நீச்சல் வருமா?

அமெரிக்கர்கள் இப்பாடத்தைப் பட்டுணர்ந்தார்கள். 1995-இல் கெவின் கார்னெட் என்னும் இளைஞர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ.வில் நுழைந்து பெரும்புகழ் பெற்றார். 1996-இல் கோபி பிரையண்ட். 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ். இப்பெயர்களை நம் பிள்ளைகள் உறக்கத்திலும் உச்சரிப்பார்கள். ஆனால் 1995 முதல் 2005 வரை அவ்வழியே தெரிவானவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். 1998-இல் தெரிவான கோர்லியோன் யங் என்பவர் ஆடியவை மூன்றே போட்டிகள். 2001-இல் முதல் இடத்திலேயே எடுக்கப்பட்ட குவாமி பிரவுனுக்கு முதற்பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி ஐந்து புள்ளிகூடக் கிட்டவில்லை. வாஷிங்டன் அணியில் அவரைத் தெரிவு செய்தவரோ புகழ்மிக்க மைக்கேல் ஜோர்டான்! பிரவுன் பன்னிரண்டு பருவங்கள் நிலைத்தார் என்பது உண்மை. எனினும் எதிர்பார்ப்பின் சுமை அவரை இறுதிவரை விடவில்லை. இறுதியில், தெரிவு நடக்கும் ஆண்டிற்குள் பத்தொன்பது வயது நிரம்பாதவரும், பள்ளி முடித்து ஓராண்டு கழியாத அமெரிக்க மாணவரும் தெரிவிற்கு வரலாகாது என்று 2005-இல் விதி செய்து, 2006 தெரிவு முதல் நடைமுறைப்படுத்தினார்கள்.

ஜெர்மெய்ன் ஓ'நீல் என்பவரின் கதையை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1996-இல் பள்ளியிலிருந்தே போர்ட்லண்டு அணிக்குச் சென்றார். நான்கு பருவங்கள் பெரும்பாலும் பெஞ்சில் கழிந்தன. 2000-இல் இந்தியானா அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே நாள்தோறும் களம் கிடைத்தது. 2002-இல் மிகுதியாக முன்னேறிய வீரர் என்னும் பரிசு பெற்றார். தலைசிறந்தோர் ஆட்டத்திற்கு ஆறு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆள் அவரே, உயரமும் அதுவே. ஆடுவதற்கு இடம் கிடைத்தது, வளர்ந்தார். இடம் கிட்டாமலே ஆண்டுகள் கழிந்துபோனவர் எத்தனை பேரோ!

அமெரிக்காவைப் பற்றி எளிதில் பேசிவிட்டேன். இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். அது அத்தனை எளிதன்று.

நானும் பதினெட்டு வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவன். பத்தாம் வகுப்பு தேறியிருந்தேன். மேற்கொண்டு படிக்க இடமும் கிடைத்திருந்தது. வேலை ஆணை வந்த அன்று என் தந்தையார் தெருவெல்லாம் சென்று சொல்லி வந்தார். முதற் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தேன். வீட்டுக்கடன் அடைந்தது, தங்கை திருமணம் நடந்தது. இவற்றை நான் குறைத்துச் சொன்னால் நன்றி கொன்றவன் ஆவேன். ஆனால் என் ஆட்டம் வேலை கிடைத்த அன்றே நின்றுவிட்டது. அணியில் மூத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஆடினார்கள், நான் தண்ணீர்ப் புட்டியும் துண்டும் ஏந்தி அமர்ந்திருந்தேன். இடக்கையால் பந்து தட்ட எனக்குச் சரியாக வராது. அதைத் திருத்துங்கள் என்று யாரிடமும் போய் நான் கேட்கவில்லை. சம்பளம் வாங்குபவன் தெரியாது என்று சொல்லலாமா என்னும் வெட்கம் தடுத்தது. இருபத்து நான்காம் வயதில் முழங்கால் ஒடிந்துபோன உணர்வோடு களத்தை விட்டு வெளியே வந்தேன். யாரையும் குறைகூற எனக்கு உரிமையில்லை. மாலைகளில் படித்திருக்கலாம், படிக்கவில்லை. துறைத் தேர்வு எழுதி எழுத்தரானதே என் பேறு. இன்றும் என் இடக்கை பந்தைத் தட்டும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் உடன் சிரித்துவிடுவேன்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அனுப்பவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் பெரியோர். விளையாட்டு வீரனின் உடல் முப்பத்தைந்தில் முதுமை அடைவது. படிப்பைப் பின்னரும் தொடரலாம், இளமை திரும்பாது என்று அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அனுப்புமுன் மூன்று கேள்விகளுக்கு விடை பெறுங்கள்.

அங்கே இவனுக்குக் கற்பிக்கப்போகிறவர் யார்? அவர் இவனுடைய குறையை அறிந்து, நாள்தோறும் ஒரு மணி நேரமாவது அதற்கென ஒதுக்குவாரா?

இவ்வாண்டு இவன் களத்தில் எத்தனை நிமிடம் நிற்பான்? முதல் அணியில் இடமில்லையென்றால், இளையோர் போட்டிகளிலேனும் ஆடவிடுவார்களா?

முழங்கால் முறிந்தாலோ, அணி கலைந்தாலோ, இவன் கையில் எஞ்சியிருப்பது என்ன? பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழாவது இருக்குமா?

மூன்றுக்கும் நல்ல விடை எழுத்தில் கிடைத்தால், நானே இரயில் நிலையம் வந்து வழியனுப்புவேன். கிடைக்கவில்லையெனில் தேர்வு முடியும்வரை பொறுத்திருங்கள். உண்மையாக இவனை விரும்பும் அணி, பத்து மாதம் காத்திருக்கும். காத்திராத அணி, நாளை ஒரு தோல்விக்குப் பின் இவனுக்காகப் பொறுத்திருக்கும் என்று எப்படி நம்புவது? மரத்தில் கனியவேண்டியதைத் தடியால் அடித்துக் கனியவைத்தால் நிறம் வரும், சுவை வராது.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். களத்து விளக்குகள் இரண்டு எரிவதில்லை. அவற்றைச் சீர்செய்து கொடுத்தால், மாலை ஆறு முதல் ஏழு வரை ஆட்டம். ஏழு முதல் எட்டு வரை நூலக அறையில் படிப்பு என்று வகுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கக் கற்றறிந்தோர் இருவர் முன்வந்தால் போதும். பத்தாம் வகுப்போடு நின்றவனின் இந்த வேண்டுகோளைத் தட்டாதீர்கள்.

அந்தப் பிள்ளை இதோ பின்வரிசையில், அமர நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருக்கிறான். தம்பி, உன் உயரம் உனக்குப் பிறவி தந்தது. ஆட்டத்தை நீதான் தேடிக்கொள்ள வேண்டும். முடிவை உன் அப்பாவும் அம்மாவும் நீயும் சேர்ந்து எடுங்கள். எதுவாயினும், நாளை மாலை ஆறு மணிக்குக் களத்திற்கு வந்துவிடு. இடக்கைப் பயிற்சி பாக்கி இருக்கிறது. உனக்கும் எனக்கும்.