எடை மெஷினோடு சைக்கிளில் போன பேராசிரியர்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் ஒரு குழுவுக்கு நோட்டுப் பார்க்கப் போயிருந்தோம். சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் சரியாக இருந்தது. உறுப்பினர் உடல்நலம் என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறோம் இல்லையா, அதிலும் எல்லார் பெயருக்கு எதிரே ‘நலம்’, ‘நலம்’ என்று எழுதியிருந்தது. நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு சந்தோஷமாகத் திரும்பினோம். இருபது நாள் கழித்து அந்தக் குழு அக்கா ஒருவர் களை எடுக்கும்போது மயங்கி விழுந்துவிட்டார். ரத்தம் ஏற்றுகிற அளவுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, “ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?” என்று கேட்டோம். “சொல்ற அளவுக்கு என்ன இருந்துச்சு? நல்லாத்தான் இருந்தேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படியேறினால் மூச்சு வாங்குவதையும், தலை சுற்றுவதையும் அவர் நோய் என்றே நினைக்கவில்லை.

இந்த ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்ற பதிலைப் பிடித்துக்கொண்டு யோசித்த ஒரு பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். பெயர் அமர்த்தியா சென். வங்காளத்துக்காரர். 1998-ல் நோபல் பரிசு, 1999-ல் பாரத ரத்னா வாங்கியவர்.

1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். சென் அப்போது ஒன்பது வயதுப் பையன், சாந்திநிகேதனில் தாத்தா வீட்டில் இருந்தார். பசி என்று வாசலுக்கு வந்தவர்களுக்கு சிகரெட் டின்னால் அரிசி அளந்து கொடுக்கத் தாத்தா அனுமதித்தார். அதற்கு அடுத்த வருஷம் டாக்காவில் கலவர நேரம். காதர் மியா என்ற கூலித் தொழிலாளி கத்திக்குத்துப் பட்டு இவர்கள் வீட்டுக்குள் ஓடி வந்தார். “கலவரத்தில வெளியே போகாதே” என்று மனைவி சொல்லியும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை என்று கூலி வேலைக்கு வந்தவர். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

பின்னாளில் பேராசிரியரானதும் சென் அந்தப் பஞ்சத்தின் கணக்கைத் தோண்டினார். 1943-ல் வங்காளத்தில் இருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941-ஐ விடக் குறைவில்லை என்று 1981-ல் வந்த புத்தகத்தில் காட்டினார். கடையில் அரிசி இருந்தது. விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. வாங்கக் காசில்லாத கூலிக்காரரும் மீன் பிடிக்கிறவரும்தான் முதலில் விழுந்தார்கள். கையில் நாலு காசு இருக்கணும் என்று நாம் ஏன் வாராவாரம் சேமிக்கிறோம் என்பது இதிலிருந்து புரியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் “சரியில்லை”, “சுமார்” என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்கு இரண்டரை பேர்! அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, ஒரு துணையும் இல்லாத பெண்கள் அத்தனை பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்களா? இந்தக் கணக்கை சென் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். பெண்ணிடம் வாயால் கேட்டால் மட்டும் போதாது, அளந்து பார்க்கணும் என்றார்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. சுனில் சென்குப்தா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, சாந்திநிகேதன் பக்கத்தில் இரண்டு கிராமங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எடை போட்டார். சென் சைக்கிளில்தான் போவார். உதவிக்கு வந்தவரைக் குழந்தைகள் கடித்து வைக்க, பேராசிரியரே தூக்கித் தூக்கி நிறுத்தார். நம்ம பால்வாடி டீச்சரைக் கேட்டால் அந்தக் கஷ்டம் தெரியும். 1983-ல் முடிவு வெளிவந்தது. ஒரே வீடு, ஒரே உலை, ஆனால் வயது ஏற ஏறப் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளை விடப் பின்தங்கிப் போனார்கள். உலகம் முழுக்கக் கணக்குப் போட்டு, இப்படிக் கவனிப்பில்லாமல் பத்துக் கோடிக்கும் மேல் பெண்கள் இல்லாமலே போய்விட்டார்கள் என்று 1990-ல் எழுதினார். அந்த சைக்கிள் பிறகு சுவீடன் நாட்டு நோபல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

தன் உடம்பு விஷயத்திலும் அவர் அசட்டையாக இருக்கவில்லை. கல்லூரி மாணவராக இருந்தபோது வாயில் ஒரு கட்டி. டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். இவர் விடாமல் மருத்துவப் புத்தகங்களைப் பார்த்து, புற்றுநோய்தான் என்று சந்தேகப்பட்டுப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதேதான். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துப் பிழைத்தார். படிப்பு இருந்தது, கேட்கத் தைரியம் இருந்தது. நம்மில் எத்தனை பேர் டாக்டரிடம் ரெண்டாவது கேள்வி கேட்கிறோம்?

பதவிக் கதையும் கொஞ்சம் சொல்லணும். 1956-ல், 23 வயதுகூட முடியாதபோது, கல்கத்தாவில் புதிதாக ஆரம்பித்த ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறைக்குத் தலைவர் ஆக்கினார்கள். ஒரே எதிர்ப்பு. தொட்டிலிலிருந்து தூக்கி வந்ததுபோல சுவரில் படம் போட்டார்களாம். நம்ம குழுவில் சின்ன வயசுப் பெண்ணை ஊக்குநர் ஆக்கினால் “நேத்துப் பொறந்தது” என்று சொல்கிறோமே, அப்படித்தான். துறையை அவர் கட்டிக் காட்டினார். பிறகு டெல்லி, லண்டன், ஆக்ஸ்போர்டு, ஹார்வர்டு என்று பாடம் நடத்தினார். 1998 முதல் 2004 வரை கேம்பிரிட்ஜில் 1546-ல் தொடங்கிய டிரினிட்டி கல்லூரிக்குத் தலைவர். அந்தச் சமயம் லண்டன் விமான நிலையத்தில், அவர் எழுதிக் கொடுத்த விலாசம் தலைவர் மாளிகை என்று இருந்ததைப் பார்த்த அதிகாரி, “தலைவர் உங்களுக்கு நெருங்கிய நண்பரா?” என்று கேட்டாராம். இவரே தலைவர் என்று அவருக்குத் தோன்றவில்லை! பிகாரில் மறுபடி தொடங்கிய நாளந்தா பல்கலைக்கழகத்துக்கும் முதல் வேந்தராக இருந்தார். 2015-ல் இரண்டாவது முறை வேண்டாம் என்று விலகிக்கொண்டார். நோபல் பணத்தில் பிரதிச்சி என்ற அறக்கட்டளை வைத்து, பள்ளிக்கூடம், சுகாதாரம் பற்றி ஆராய ஏற்பாடு செய்தார்.

சரி, நம்ம நோட்டுக்கு வருவோம். நாங்களும் ‘நலம்’ என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அந்தப் பக்கத்தை மாற்றியிருக்கிறோம். இனிமேல் அதில் எடை, ரத்த அளவு, பார்த்த தேதி என்று மூன்று கட்டம் இருக்கும். ‘நலம்’ என்று எழுத இடமே கிடையாது. அடுத்த கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வர ஒத்துக்கொண்டிருக்கிறார். எடை மெஷின் கொண்டு வருவார். பிள்ளைகளையும் கூட்டி வாங்க, பொண்ணு பையன் ரெண்டு பேரையும். முதல் ஆளாக எங்கள் நிர்வாகிகள் ஏறி நிற்கிறோம். பின்னாலேயே வரிசையில் வாங்க.