காசு நம்முது, சாவி யாருது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சேமிப்பைப் பற்றியும் கடன் திருப்பத்தைப் பற்றியும் நன்றாகப் பேசினார்கள். நான் போனைப் பற்றிப் பேசப்போறேன். போன் என்றதும், "ஓடிபி சொல்லாதீங்க, லிங்க்கைத் தொடாதீங்க" என்று மறுபடியும் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீங்க. அது திருடனைப் பற்றிய பேச்சு. திருடனே வராமல், நாம் காசு கொடுத்து வாங்கின பொருள் நம் கையை விட்டுப் போவது பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்காங்க. நல்ல தையல்காரி. ஆரி வேலையும் கற்றுக்கொண்டால் கல்யாண ரவிக்கை தைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று குழுவில் 4,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. கொடுத்தோம். அதில் 2,400 ரூபாய் கட்டி, போனில் ஒரு ஆப்பில் ஆரி வகுப்பு வாங்கினாங்க. மொத்தம் நாற்பது பாடம். ஒரு தடவை வாங்கினால் எப்போதும் பார்க்கலாம் என்று போட்டிருந்ததாம். மிச்சப் பணத்துக்கு ஸ்டாண்டு, ஊசி, நூல், மணி வாங்கியாச்சு.

பதினாறு பாடம் முடிந்த சமயத்தில் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. வேறு போன் வாங்கினாங்க. கடைத் தம்பி சிம்மைப் போட்டு, புதுசாக ஒரு ஜிமெயிலும் போட்டுக் கொடுத்தார். ஆப்பைத் திறந்தால், "வகுப்பை வாங்குங்கள், 2,400 ரூபாய்" என்று மறுபடி கேட்கிறது. வாங்கினது பழைய ஜிமெயிலில். அது இவங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அதைப் போட்டுக் கொடுத்தது இன்னொரு கடைத் தம்பி. பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான், மறந்தால் மீட்பதற்கான நம்பரும் அவருடையதுதான். அந்தக் கடையே இப்போது இல்லை. பணம் கட்டின ரசீதை வைத்துப் பழைய மெயில் பெயரைக் கண்டுபிடித்து, மகள் நாலைந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தாள். மறுநாள் ஒரு செய்தி வந்தது: சந்தேகத்துக்குரிய முயற்சி நடந்ததால் உங்கள் கணக்கு மூடப்பட்டது. கம்பெனிக்கு மூன்று முறை எழுதினாங்க. மூன்று முறையும் ஒரே பதில். "முடிவு இறுதியானது."

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நான்தான் ஊக்குநர். "தெரியாத வேலை உனக்கு எதுக்கும்மா? படிச்ச புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். போன் வகுப்புக்கு இனி உள்கடன் இல்லை என்று தீர்மானமும் எழுதினோம். அவங்க ஒன்றுதான் சொன்னாங்க: "காசு கட்டிட்டேன் அக்கா. ரசீது கையில இருக்கு. பொருள் எங்கக்கா போச்சு?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி விடவில்லை. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகனை உட்காரவைத்துத் தேடச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, இது படிக்காதவங்களுக்கு மட்டும் நடப்பது இல்லை என்று.

அமெரிக்காவில் 2009 ஜூலையில் நடந்ததைக் கேளுங்க. அமேசான் கம்பெனி கிண்டில் என்று ஒரு கருவி விற்கிறது. அதில் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம். ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளரின் இரண்டு நாவல்களை அப்படி நிறையப் பேர் வாங்கியிருந்தார்கள். விற்றவருக்கு அந்த உரிமையே இல்லை என்று பிறகு தெரிந்ததும், வாங்கினவங்க கருவியில் இருந்தே புத்தகங்களை அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக அதில் குறிப்பு எழுதி வைத்திருந்த ஒரு மாணவனுக்கு, அந்தக் குறிப்புகள் பயனில்லாமல் போய்விட்டன. பிறகு கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார்.

பத்து வருஷம் கழித்து, 2019-ல், மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் மின்புத்தகக் கடையை மூடியது. ஏப்ரலில் அறிவித்தார்கள். ஜூலையில் புத்தகங்கள் மறைந்தன. இவர்களும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். ஒன்று யோசித்துப் பாருங்க. நம்ம ஊரில் ஒரு ஜவுளிக்கடை மூடினால், போன தீபாவளிக்கு வாங்கின புடவையை நம் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்களா? இங்கே அதுதான் நடந்தது.

ஏன் இப்படி என்றால், போனில் வாங்கும் பாட்டு, புத்தகம், விளையாட்டு, வகுப்பு பெரும்பாலும் நமக்குச் சொந்தமாவது இல்லை. பார்ப்பதற்கும் படிப்பதற்கும் அனுமதிதான் வாங்குகிறோம். அடுத்தவர் நிலத்தில் பயிர் வைக்கிற மாதிரி. உழலாம், அறுக்கலாம், பட்டா நம் பேரில் இல்லை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அதற்கு மேலே இருக்கும் நீளமான எழுத்தில் இதைத்தான் எழுதியிருப்பார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு "வாங்குங்கள்" என்று போடுவதாக இருந்தால், இது வெறும் அனுமதிதான் என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே சட்டம் போட்டுச் சொல்லவேண்டி இருக்கிறது என்றால், நம் சகோதரியைக் குறை சொல்ல நான் யார்?

அந்த அனுமதியும் நம் பேருக்கு இல்லை, கணக்குக்குத்தான். கணக்கு போனால் அதில் வாங்கினதும் போச்சு. கூகுள் பிளேயில் ஒரு கணக்கில் வாங்கினதை இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆப்பிள் போன் வைத்திருப்பவர் தன் காலத்துக்குப் பிறகு இன்னார் என் கணக்கைப் பார்க்கலாம் என்று எழுதி வைக்க முடியும். அப்படி எழுதினாலும் போட்டோ கிடைக்கும், அவர் காசு கொடுத்து வாங்கின பாட்டும் படமும் புத்தகமும் கிடைக்காது.

அப்படியானால் போனில் எதுவுமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள், நாமும் கற்கிறோம். வாங்கத் தெரிந்து வாங்கணும். அதற்கு நான்கு விஷயம் சொல்றேன்.

முதலாவது, கணக்கு நம் பேரில் இருக்கணும். இன்று வீட்டுக்குப் போனதும் போனின் செட்டிங்ஸைத் திறந்து, எந்த ஜிமெயில் இருக்கிறது, மீட்பு நம்பர் யாருடையது என்று பாருங்க. கடைக்காரர் நம்பரோ, பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் நம்பரோ இருந்தால் உடனே மாற்றுங்க. ஜிமெயில் பெயரை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்க. பாஸ்வேர்டைத் தனியாக வையுங்க, குழு நோட்டில் எழுதாதீங்க. குழுவின் வங்கிக் கணக்கை ஒருத்தர் கையெழுத்தில் விட மாட்டோம், இல்லீங்களா? நம் சொந்தக் கணக்கை மட்டும் முகம் தெரியாத தம்பியிடம் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, காசு கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்க: நெட் இல்லாமலும் இந்த ஆப் இல்லாமலும் இது திறக்குமா? திறக்கும் என்றால் இறக்கி, மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். திறக்காது என்றால் அது வாடகைப் பாத்திரம். வாடகைக்கு எவ்வளவு தரலாமோ அவ்வளவு மட்டும் கொடுங்க. மொத்தமாக ஒரு வருஷத்துக்குக் கட்டாமல் ஒரு மாசத்துக்குக் கட்டிப் பாருங்க.

மூன்றாவது, ரசீதைப் போனில் மட்டும் வைக்காதீங்க. போன் போனால் ரசீதும் போகும். தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்க. இது நமக்குப் புதுசு இல்லை. வரவு செலவு எழுதுவது நம் கைக்குப் பழகின வேலைதான்.

நான்காவது, "முடிவு இறுதியானது" என்று கம்பெனி சொன்னால் நமக்கும் அது இறுதி இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கணும். சமூக வலைதளக் கணக்கை முடக்கினால், அந்தக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்க. 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லணும், குறிப்பிட்ட நாளுக்குள் தீர்க்கணும் என்பது 2021-ம் வருஷத்து விதி. அவர் பதில் திருப்தி இல்லை என்றால், 30 நாளைக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சகோதரியிடம் "உனக்கு எதுக்கும்மா" என்று கேட்டிருக்க மாட்டேன். "வா, 1915-க்குப் போடலாம்" என்று சொல்லியிருப்பேன். அந்த 2,400 ரூபாய் திரும்பி வரவே இல்லை. ஆனால் குழுக் கடனைப் பத்துத் தவணையும் ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டி முடித்தாங்க. பார்த்த பதினாறு பாடத்தையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் வரைந்து, எந்த ஊசி, எந்த நூல், எத்தனை மணி என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தாங்க. அந்த நோட்டை வைத்துத்தான் இன்றைக்கும் ரவிக்கை போடறாங்க. மிச்சத்தைப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கற்றுக்கொண்டாங்க.

போன மாசம் எங்கள் குழுவில் பழைய தீர்மானத்தை ரத்து செய்துவிட்டோம். புதுத் தீர்மானம் இது: போன் வகுப்புக்கு உள்கடன் உண்டு. கடன் கேட்பவர், கணக்கு தன் பேரில் இருப்பதைக் கூட்டத்தில் காட்டணும். ரசீது விவரத்தை நோட்டில் எழுதணும். உங்கள் குழுக்களிலும் இதைப் பேசிப் பாருங்க என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை இத்தனை பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கிறேன். தப்பு உன் மேல இல்லம்மா. கேட்காம பேசினது நான்தான்.